பாப்லர் நகரசபையின் நான்கு பவுன்

ஸ்தல ஸ்தாபனங்கள் தம்மிடம் ஊழியம் செய்வோருக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம், எந்த எல்லையைத் தாண்டலாகாது என்னும் விவாதம் எந்த நாட்டிலும் புதியதன்று. வரி செலுத்துவோர் சிக்கனத்தை வற்புறுத்துவதும், ஊழியர்கள் குடும்பம் நடத்துவதற்குப் போதிய கூலியைக் கேட்பதும், இடையில் அகப்பட்டுக்கொண்ட சபை அங்கத்தினர்கள் இரு தரப்பாருக்கும் நல்லவராக முயன்று இருவரிடமும் வசை வாங்குவதும் நித்திய விவகாரங்களாகையால், அவை பெரும்பாலும் சரித்திரத்தில் இடம் பெறுவதில்லை. ஆயினும் இந்த விவாதம் ஒருமுறை ஓர் ஏழை நகரசபையின் கூட்ட மண்டபத்திலிருந்து புறப்பட்டு, தணிக்கை அதிகாரியின் மேஜையைக் கடந்து, இரண்டு நியாயஸ்தலங்களில் ஏறி இறங்கி, இறுதியில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் ஐந்து நீதிபதிகளின் ஏகமனதான தீர்ப்பாக முடிந்தது. ஊர், லண்டன் மாநகரின் கிழக்கே உள்ள பாப்லர். காலம், 1920 முதல் 1925 வரை. விவகாரத்துக்குக் காரணமான தொகை, வாரத்துக்கு 4 பவுன்.

தேம்ஸ் நதி தெற்கே வளைந்து மீண்டும் வடக்கே திரும்பும் இடத்தில், நதிக்கரையை ஒட்டி அமைந்தது பாப்லர். 1802-ல் மேற்கிந்தியக் கப்பல் துறையும், 1806-ல் கிழக்கிந்தியக் கப்பல் துறையும் அங்கே திறக்கப்பட்டன. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போய்வந்த கம்பெனிக் கப்பல்கள் தேயிலையையும் துணியையும் வாசனைத் திரவியங்களையும் இறக்கியது அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். சரக்கு வந்து இறங்கிய ஊரில் செல்வம் தங்கவில்லை. சரக்கின் சொந்தக்காரர்கள் லண்டனின் மேற்குப் பகுதியில் வாழ்ந்தார்கள்; சரக்கைச் சுமந்தவர்கள் மட்டும் கிழக்குப் பகுதியில் நெருக்கமான சந்துகளில் குடியிருந்தார்கள். 1900-ல் லண்டன் இருபத்தெட்டு நகரசபைகளாக வகுக்கப்பட்டபோது பௌ, பிராம்லி, பாப்லர் என்னும் பகுதிகள் ஒன்றாக்கப்பட்டுப் பாப்லர் நகரசபை உண்டாயிற்று. ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஜனங்கள் வசித்த அந்த எல்லைக்குள், வரிவிதிப்புக்குத் தக்க பெரிய மாளிகைகளோ ஆடம்பரக் கடைவீதிகளோ இல்லை.

கப்பல் துறைத் தொழிலாளியின் ஜீவனம் எத்தகையது என்பதை அறியாமல் பாப்லர் நகரசபையாரின் மனோபாவத்தை அறிய இயலாது. விடியற்காலையில் துறையின் வாயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டு நிற்பார்கள். மேஸ்திரி வெளியே வந்து, வேண்டிய ஆட்களைக் கையால் சுட்டி அழைப்பான். அழைக்கப்பட்டவர்களுக்கு அன்றைய பொழுதுக்கோ, சில மணி நேரத்துக்கோ வேலை கிடைக்கும். மற்றவர்கள் வந்த வழியே திரும்புவார்கள். 1889-ல் பென் டில்லட், டாம் மன், ஜான் பர்ன்ஸ் ஆகியோரின் தலைமையில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் பிரதான கோரிக்கை மணிக்கு 6 பென்னி கூலி என்பதே. ஆஸ்திரேலியத் தொழிலாளிகள் கடல் கடந்து அனுப்பிய பணத்தின் உதவியோடு அந்தக் கோரிக்கை வெற்றி பெற்றது. அந்தப் போராட்டத்தில் உழைத்தவர்களில் ஒருவரான வில் குரூக்ஸ் என்பவர், பாலப் பருவத்தில் வறுமையால் பாப்லரின் ஏழைகள் விடுதியில் தள்ளப்பட்டவர். வளர்ந்தபின் அதே விடுதியை நிர்வகிக்கும் போர்டுக்குத் தலைவராகி, 1901-ல் பாப்லரின் மேயராகவும் ஆனார். கூலி இல்லாத நாளின் ருசியை நாவால் அறிந்தவர்கள் நிர்வாகத்தில் அமரும்போது, சம்பளப் பட்டியலை மற்றவர்கள் பார்க்கும் கண்ணால் அவர்கள் பார்ப்பதில்லை.

பொது ஸ்தாபனம் ஏனைய எஜமானர்களுக்கு முன்மாதிரியாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை பாப்லரில் பிறந்ததன்று. லண்டன் பள்ளிக்கூட போர்டும், லண்டன் ஜில்லா கவுன்சிலும் தம் ஒப்பந்தக்காரர்கள் தொழிற்சங்கங்கள் ஒப்புக்கொண்ட கூலியைக் கொடுக்க வேண்டுமென்று 1889 முதலே நிபந்தனை விதிக்கத் தொடங்கின. 1891-ல் காமன்ஸ் சபையே நியாயக் கூலித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றிற்று. இருந்தும், சொந்த வாசலைப் பெருக்கும் ஸ்திரீக்கு என்ன கூலி என்பதைப் பல பொது ஸ்தாபனங்கள் கவனித்ததில்லை. சூசன் லாரன்ஸ் என்ற செல்வக் குடும்பத்து மாதின் கதை இதற்குச் சான்று. கன்சர்வேடிவ் சார்பில் 1910-ல் லண்டன் ஜில்லா கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த அம்மையார், கவுன்சிலின் பள்ளிக்கூடங்களைத் துடைத்துக் கழுவும் ஸ்திரீகளுக்குக் கொடுக்கப்பட்ட அற்பக் கூலியையும் அவர்கள் வேலை செய்த நிலைமையையும் கண்டு மனம் மாறி, 1912-ல் பதவியை விட்டு, மறு வருஷமே தொழிற்கட்சியின் சார்பில் அதே கவுன்சிலுக்குத் திரும்பி வந்தார். இம்முறை அவரை அனுப்பியது பாப்லர். கட்சி மாறுவோர் எல்லாக் காலத்திலும் உண்டு. துடைப்பம் பிடித்தவர்களின் கூலியைக் கண்டு கட்சி மாறியவர்கள் மிகச் சிலரே.

முதல் மகாயுத்தம் முடிந்தபின் 1919 நவம்பரில் நடந்த தேர்தலில் பாப்லரின் 42 ஸ்தானங்களில் 39-ஐத் தொழிற்கட்சி கைப்பற்றிற்று. துறைத் தொழிலாளி, ரயில்வே ஊழியர், தபால்காரர், மர வியாபாரி, பள்ளி ஆசிரியை என்று பலவகைப்பட்டவர்கள் அங்கத்தினர்களானார்கள். ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். லான்ஸ்பரி 1859-ல் சஃபோக் ஜில்லாவில் பிறந்தவர். கிறிஸ்தவ பக்தியையும் பொதுவுடைமையையும் ஒன்றாகவே பாவித்தவர். ஸ்திரீகளுக்கு வாக்குரிமை வேண்டுமென்ற பிரச்னைக்காக 1912-ல் தம் பார்லிமெண்டு ஸ்தானத்தை ராஜிநாமாச் செய்து, மறுதேர்தலில் நின்று தோற்றவர். இப்படிப்பட்டவர் தலைமையில் அமைந்த சபை 1920-ல் செய்த ஒரு தீர்மானம்தான் நமது விஷயம்: நகரசபையின் கீழ் வேலை செய்யும் வயது வந்தோர் எவருக்கும், அவர் எவ்வளவு தாழ்ந்த படியில் உள்ள ஊழியராயினும், வாரத்துக்கு 4 பவுனுக்குக் குறையாமல் கூலி கொடுக்கப்படும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் பேதம் இல்லை.

இந்தத் தீர்மானம் நிறைவேறிய சமயத்தில் அதைப் பற்றி அதிகக் கூக்குரல் எழவில்லை. யுத்தத்துக்குப் பின் சாமான்களின் விலை விஷம்போல் ஏறிக்கொண்டிருந்தது. 1920 இறுதியில் ஜீவனச் செலவு 1914-ல் இருந்ததைக் காட்டிலும் நூற்றுக்கு 176 அதிகம் என்று சர்க்காரின் கணக்கே சொல்லிற்று. ஆகவே ஆண்களைப் பொறுத்தமட்டில் 4 பவுன் என்பது அக்காலத்தில் தாராளமேயன்றி ஆச்சரியமன்று. குளியல் கூடங்களிலும் சலவைக் கூடங்களிலும் துப்புரவு வேலையிலும் இருந்த ஸ்திரீகளுக்கோ அது முன் கேட்டறியாத பாக்கியம். ஆனால் 1921-ல் காற்று திசை மாறிற்று. வியாபாரம் வீழ்ந்தது, நாடெங்கும் இருபது லட்சம் பேருக்கு மேல் வேலையிழந்தார்கள், விலைகள் சரசரவென்று இறங்கின. 1922 வசந்த காலத்தில் ஜீவனச் செலவு யுத்தத்துக்கு முந்திய நிலைக்கு மேல் நூற்றுக்கு 82 என்ற அளவுக்கு வந்துவிட்டது. தனியார் தொழில்களில் கூலி குறைக்கப்பட்டது. ஏனைய நகரசபைகளும் குறைத்தன. கெட்டிஸ் கமிட்டி என்னும் சிக்கனக் குழு சர்க்கார் செலவினங்களின் மீது கோடரியை ஓங்கிற்று. பாப்லர் மட்டும் 4 பவுனை விட்டு ஒரு பென்னி இறங்கவில்லை.

இந்த இடைக்காலத்தில்தான் பாப்லர் உலகப் பிரசித்தி அடைந்தது; ஆனால் சம்பள விவகாரத்தினால் அன்று. லண்டனில் ஒவ்வொரு நகரசபையும் தன் எல்லைக்குட்பட்ட ஏழைகளைத் தானே போஷிக்க வேண்டுமென்ற விதி இருந்தபடியால், வேலையில்லாதோர் நிறைந்த ஊரே அதிக வரி விதிக்க நேர்ந்தது. இந்த அநியாயத்தை எதிர்த்து, ஜில்லா கவுன்சிலுக்கும் போலீசுக்கும் மற்றும் சில பொது அமைப்புகளுக்கும் சேரவேண்டிய வரிப்பங்கை வசூலிக்கப் பாப்லர் மறுத்தது. 1921 செப்டம்பரில் ஐந்து ஸ்திரீகள் உள்ளிட்ட 30 அங்கத்தினர்கள் சிறை சென்றார்கள். சிறைக்குள்ளேயே நகரசபைக் கூட்டம் நடத்தினார்கள். ஆறு வாரத்தில் விடுதலையானார்கள். ஏழைகளின் போஷணைச் செலவை லண்டன் முழுவதும் பங்கிட்டுக்கொள்ள அவ்வருஷமே சட்டம் வந்தது. இந்தச் சிறைக் கதையை எழுதாதவர் இல்லை. சிறையிலிருந்து வெற்றிவீரர்களாக வெளிவந்தவர்களைக் கணக்குப் புஸ்தகம் பிடித்துக்கொண்ட கதையோ அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. சிறையை எதிர்த்து ஊர்வலம் போகலாம். தணிக்கைக் குறிப்பை எதிர்த்து யார் பாண்டு வாத்தியம் வாசிப்பார்கள்?

ஜில்லா தணிக்கை அதிகாரி என்னும் உத்தியோகம் ஏழைகள் சட்டத்தின் சந்ததி. ஏழைகள் விடுதியில் எத்தனை ராத்தல் ரொட்டி வாங்கப்பட்டது, அதை யார் தின்றார்கள் என்று பார்ப்பதற்காக 1840-களில் ஏற்படுத்தப்பட்ட அந்த உத்தியோகம், சிறுகச் சிறுக மற்ற ஸ்தல ஸ்தாபனங்களின் கணக்குகளுக்கும் பரவிற்று. அதிகாரியின் கையில் இருந்த ஆயுதம், சர்சார்ஜ் என்னும் தண்டத் தீர்வை. சட்டத்துக்கு மாறான செலவு என்று அவர் கருதும் தொகையைக் கணக்கிலிருந்து தள்ளி, அந்தச் செலவுக்குக் கை தூக்கிய அங்கத்தினர்களிடமிருந்தே, அவர்களுடைய சொந்தப் பொருளிலிருந்து, அதை வசூலிக்கும்படி உத்தரவிடலாம். நம் நாட்டு நகரசபைகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் இதே ஏற்பாடு பிற்காலத்தில் வந்து சேர்ந்தபடியால், அதன் வலி நம் வாசகர்களில் சிலருக்காவது தெரிந்திருக்கக்கூடும். பாப்லர் கணக்கைப் பார்வையிட்டவர் கார்சன் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி. 1922 மார்ச் 31-உடன் முடிந்த வருஷத்தின் சம்பளச் செலவில் சுமார் 17,000 பவுன் நியாயமான அளவுக்கு மேற்பட்டது என்று அவர் கண்டார். ஆயினும் அதில் 5,000 பவுனை மட்டுமே தள்ளினார்.

அவர் கணக்கிட்ட முறையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் விவாதத்தின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. யுத்தத்துக்கு முன் இருந்த கூலியை எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஜீவனச் செலவின் ஏற்றத்தைக் கூட்டி, மற்ற இடங்களில் வழங்கிய விகிதங்களோடு ஒத்துப்பார்த்து, அதற்கும் மேல் நகரசபையின் விருப்பத்துக்கு இடங்கொடுத்து வாரத்துக்கு 1 பவுன் சேர்த்து, அந்த எல்லைக்கு அப்பாற்பட்டதே சட்ட விரோதம் என்றார். அவர் கொடியவர் அல்லர். அந்த 1 பவுன் சலுகை அவருடைய நிதானத்துக்கு அத்தாட்சி. ஆனால் அந்தச் சலுகை ஏன் ஒரு பவுனாக இருக்க வேண்டும், ஏன் பதினைந்து ஷில்லிங்காகவோ இரண்டு பவுனாகவோ இருத்தலாகாது என்று கேட்டால், அதற்கு எந்தச் சட்டப் புஸ்தகத்திலும் விடை இல்லை. நகரசபை தன் மனம்போன போக்கில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டது என்று குற்றம் சாட்டியவர், தாமும் தம் மனத்துக்கு நியாயமென்று பட்ட ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்; அவருக்கு ஒருவரும் வாக்களித்திருக்கவில்லை என்பதே வித்தியாசம்.

நகரசபையார் பணியவில்லை. அவர்கள் கட்சி இரண்டு தூண்களின் மேல் நின்றது. முதலாவது சட்டம்: 1855-ஆம் வருஷத்து மாநகர நிர்வாகச் சட்டம், ஊழியர்களுக்குத் தாங்கள் தக்கதென்று நினைக்கும் சம்பளத்தைக் கொடுக்கலாமென்று அதிகாரம் அளித்திருந்தது, எல்லை எதுவும் அதில் எழுதப்படவில்லை. இரண்டாவது கொள்கை: பொது ஸ்தாபனம் முன்மாதிரி எஜமானனாக இருத்தல் வேண்டும், வயது வந்த ஒருவர் திடமாக வேலை செய்து மனிதனுக்குரிய மரியாதையோடு வாழ 4 பவுனுக்குக் குறைந்தால் ஆகாது, ஆகையால் விலைவாசி இறங்கிற்று என்பதற்காக அதைக் குறைக்கும் கடமை தங்களுக்கு இல்லை. முதற்படியில் நியாயாதிபதிகள் தணிக்கை அதிகாரியின் பக்கம் நின்றார்கள். அப்பீல் கோர்ட்டில் நிலை தலைகீழாயிற்று. அங்கே நகரசபைக்கு அனுகூலமாகப் பேசிய இருவரில் ஒருவர் ஸ்க்ரட்டன், வர்த்தகச் சட்டத்தில் பேர்போனவர், பொதுவுடைமைக்காரர் என்று அவரை எவரும் சொல்லியதில்லை. மற்றவர் அட்கின், நமக்கு அயலான் யார் என்ற கேள்வியைக் கேட்டு, ஜிஞ்சர் பானப் புட்டியில் நத்தை கிடந்த வழக்கில் 1932-ல் தீர்ப்புச் சொல்லிச் சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் பழக்கமானவர். கூலி என்று சொல்லத்தக்க எல்லையைக் கடந்து வெறும் தானம் ஆகிவிட்ட தொகையாயிருந்தால் ஒழிய, அதில் தணிக்கை அதிகாரி தலையிட இடமில்லை என்பது அவர்கள் கருத்து.

1925 ஏப்ரல் 3-ஆம் தேதி பிரபுக்கள் சபை அதைப் புரட்டிற்று. பக்மாஸ்டர், அட்கின்சன், சம்னர், ரென்பரி, கார்சன் ஆகிய ஐந்து பிரபுக்களும் தணிக்கை அதிகாரி செய்ததே சரியென்றார்கள். வழிகள் வெவ்வேறு. நகரசபை 4 பவுன் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு, கவனிக்கவேண்டியவற்றைக் கவனிக்காமலே விட்டபடியால், தன் யுக்தாயுக்த அதிகாரத்தை அது உபயோகிக்கவே இல்லை என்றார் பக்மாஸ்டர். தக்கதென்று நினைப்பது என்றால் நியாயமான காரணங்களைக்கொண்டு நினைப்பதே என்றும், மனத்தில் தோன்றியதைச் செய்வதன்று என்றும் ரென்பரி வியாக்கியானம் செய்தார். வரிப்பணத்தை நிர்வகிக்கும்போது அங்கத்தினர்கள் தங்களுடைய சொந்த அரசியல், பொருளாதார, சமூக அபிப்பிராயங்களின்படி நடக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை என்றார் சம்னர். எல்லோரையும்விட வெளிப்படையாகப் பேசியவர், அப்போது எண்பது வயதான அட்கின்சன் பிரபு. நகரசபையார் வரி செலுத்துவோருக்குத் தர்மகர்த்தாக்களைப் போன்றவர்கள். தொழிற் சந்தையின் நிலையைப் பாராமல், பொதுவுடைமைத் தர்ம சிந்தையாலும், ஸ்திரீகளைச் சமமாக்கும் ஆசையாலும் ஏற்பட்ட விசித்திரமான கொள்கைகளுக்கு வசப்பட்டு அவர்கள் கடமை தவறிவிட்டார்கள் என்பது அவர் வாக்கின் சாரம்.

இந்தத் தீர்ப்பை முழுவதும் பட்சபாதமென்று ஒதுக்குவது எளிது, சரியன்று. பிறர் பணத்தைக் கையாளுவோன் தன் தாராளத்தைத் தன் பையிலிருந்து காட்டுவதுபோல் காட்டலாகாது என்பது எந்த நாட்டுத் தர்மசாஸ்திரமும் ஒப்புவதே. கோவில் தர்மகர்த்தா உண்டியல் காசில் உறவினருக்கு விருந்து வைத்தால் ஊர் சும்மா இராது. மேலும், பாப்லரின் வரியில் கணிசமான பகுதியைச் செலுத்திய துறைக் கம்பெனிகளுக்கும் ரயில்வேக்களுக்கும் நகரசபைத் தேர்தலில் வாக்கு இல்லை. வாக்குச் சீட்டு ஒரு சாராரிடமும், வரிச் சீட்டு மற்றொரு சாராரிடமும் இருந்த நிலையில், நடுவே ஒருவர் நின்று கணக்குக் கேட்பது அவசியமே. இவ்வளவும் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள முடியாதது, சந்தை கொடுக்கும் கூலி எல்லாக் கொள்கைகளுக்கும் அப்பாற்பட்ட இயற்கை நியதி என்றும், குடும்பத்தின் தேவையைக்கொண்டு கூலியை அளப்பது மட்டும் கொள்கை வெறி என்றும் அந்த ஐவரும் கருதிய கருத்தே. விடியற்காலையில் வாயிலில் நிற்கும் ஆயிரம் பேரில் நூறு பேரைப் பொறுக்கி எடுத்து உண்டாக்கிய விலையே சந்தை விலை; அதுவும் மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடுதான். நகரசபை எந்தக் கொள்கையில் நிற்கிறது என்பதை ஜனங்கள் அறியாதவர்களும் அல்லர். 1922-ல் நடந்த தேர்தலிலும் அவர்கள் தொழிற்கட்சிக்கே பெரும்பான்மை அளித்தார்கள். தவறான கொள்கையாயின் அதைத் திருத்தும் அதிகாரம் அவர்களுக்குரியது என்பதே என் அபிப்பிராயம்.

சம்பளத்துக்கு எல்லை வகுத்த நீதிபதிகளின் சம்பளம் யாது என்று கேட்பது விதண்டாவாதம்போலத் தோன்றலாம். ஆனால் அதில் ஒரு சுவை இருக்கிறது. 1876-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சட்டப் பிரபு ஒருவருக்கு வருஷத்துக்கு 6,000 பவுன் சம்பளம் விதிக்கப்பட்டிருந்தது. பாப்லரில் தெருப் பெருக்குவோர், குளியல் கூடம் கழுவுவோர் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு வருஷத்தில் அதிகமாகக் கொடுக்கப்பட்டது என்று தள்ளப்பட்ட தொகை 5,000 பவுன். 4 பவுன் கூலி பெற்றவருக்கு வருஷ வருமானம் 208 பவுன். இது நிற்க, 1931-ல் பொருளாதார நெருக்கடியின் காரணமாகச் சர்க்கார் சிக்கனச் சட்டம் கொண்டுவந்து எல்லாச் சம்பளங்களையும் வெட்டி, நீதிபதிகளின் சம்பளத்திலும் நூற்றுக்கு 20 குறைத்தபோது, தாங்கள் சாமான்ய உத்தியோகஸ்தர்கள் அல்லர் என்றும், தங்கள் சம்பளத்தில் கை வைப்பது நீதி பரிபாலனத்தின் சுதந்திரத்துக்கே பங்கம் என்றும் உயர் நீதிமன்ற நீதிபதிகள் பிரதம மந்திரிக்கு மகஜர் அனுப்பினார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. தேவையையும் கௌரவத்தையும்கொண்டு சம்பளத்தை அளக்கலாம் என்பதை மட்டும் அந்த மகஜர் தன்னையறியாமல் ஒப்புக்கொண்டுவிட்டது.

அதே 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்ற காந்தியடிகள், சர்க்கார் ஏற்பாடு செய்யக்கூடிய ஜாகைகளை வேண்டாமென்று, பாப்லர் நகரசபை எல்லைக்குள் பௌ பகுதியில் உள்ள கிங்ஸ்லி ஹால் என்னும் சேவா ஸ்தாபனத்தில் சுமார் மூன்று மாதம் தங்கினார். அதை நடத்திய மியூரியல் லெஸ்டர் அம்மையார், பாப்லர் நகரசபையில் ஆல்டர்மேன் பதவி வகித்தவர். அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில்தான், சிறப்பு நிபுணர்கள் நீங்கலாக எந்த அரசாங்க ஊழியருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது என்று கராச்சிக் காங்கிரஸ் தீர்மானித்திருந்தது. அதற்கு முந்திய வருஷம் காந்தியடிகள் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், வைசிராயின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்பட்டது என்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார். 1937-ல் ராஜாஜியின் தலைமையில் சென்னையில் அமைந்த மந்திரிசபையும் அந்த 500 ரூபாய் வரம்பை அநுசரித்தது. லண்டன் நியாயஸ்தலம் தோட்டியின் கூலிக்கு உச்ச வரம்பு தேடிற்று. கராச்சி, மந்திரியின் சம்பளத்துக்கு உச்ச வரம்பு தேடிற்று.

பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 500 பவுனுக்கு மேல் தண்டத் தீர்வைக்கு உள்ளானவர் ஐந்து வருஷம் எந்த ஸ்தல ஸ்தாபனத்திலும் அங்கம் வகிக்கலாகாது என்று 1927-ல் சட்டம் வந்தது. பாப்லரின் துணிச்சலை மற்றவர்கள் பின்பற்றாமல் இருப்பதற்கு அந்த ஒரு விதியே போதுமானதாயிருந்தது. 1947-ல், ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குச் சிறுவர்கள் போகலாமா என்று வெட்னஸ்பரியில் எழுந்த ஓர் அற்ப வழக்கில், அதிகாரிகளின் தீர்மானம் எப்போது நியாயமற்றதாகும் என்பதற்கு இலக்கணம் வகுக்கப்பட்டது. இன்று நம் உயர் நீதிமன்றங்களிலும் அடிக்கடி எடுத்தாளப்படும் அந்த இலக்கணத்துக்கு மூலபாடமாக அமைந்தவற்றுள் பாப்லர் தீர்ப்பும் ஒன்று. 1979-ல் வேலைநிறுத்தங்கள் மலிந்த குளிர்காலத்தில், லண்டனின் காம்டன் நகரசபை தன் ஊழியர்களுக்கு வாரம் 35 மணி நேர வேலைக்கு 60 பவுன் குறைந்தபட்சக் கூலி தர இசைந்தது. மீண்டும் தணிக்கை அதிகாரி கோர்ட்டுக்குப் போனார். ஆனால் இம்முறை நியாயாதிபதிகள், சபை கவனிக்கவேண்டியவற்றைக் கவனித்தே முடிவு செய்தது என்று சொல்லி அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். பாப்லர் நகரசபை அதற்குள் மறைந்துபோயிருந்தது. 1965-ல் அது ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் ஆகிய சபைகளோடு இணைந்து டவர் ஹாம்லெட்ஸ் ஆயிற்று. தண்டத் தீர்வை 2000-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் எடுக்கப்பட்டது. 2011-ல் இயற்றப்பட்ட ஸ்தல ஆட்சிச் சட்டம் விவாதத்தின் முகத்தையே திருப்பிவிட்டது: பிரதான அதிகாரிகளின் சம்பளத்தையும், மிகக் குறைந்த சம்பளம் பெறுவோரின் சம்பளத்தையும், பிரதான அதிகாரிகளின் சம்பளத்துக்கும் ஏனைய ஊழியர்களின் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பையும் பற்றிய தன் கொள்கையைக் கவுன்சில் வருஷந்தோறும் பிரசுரிக்க வேண்டுமென்று அது விதிக்கிறது.

அட்கின்சன் பிரபு மிகவும் பரிகசித்த அம்சம், ஸ்திரீகளுக்கும் ஆண்களுக்குச் சமமான கூலி என்பது. அந்தத் தீர்ப்புக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு கூலி கொடுப்பதைச் சட்ட விரோதமாக்கும் சமச் சம்பளச் சட்டம், 1970-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, 1975 டிசம்பர் 29-ஆம் தேதி அமலுக்கு வந்தது.